உங்கள் தளம் உங்களுக்குத் தெரியாமல் எழுதும் குறிப்புகள்

கேட்டவர் தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. டர்பனில் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த மேகசின் பாரக்ஸில் கழிந்த பிள்ளைப் பருவத்தைச் சிறுகதைகளாக எழுதி இரண்டு புத்தகம் போட்டிருக்கிறார். மகன் ஒரு இணையதளம் அமைத்துக் கொடுத்திருக்கிறார். அதன் அடியில் 'தனியுரிமைக் கொள்கை' என்று ஒரு பக்கம், எங்கிருந்தோ நகல் எடுத்தது. போன மாதம் டோங்காட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் நம்பர் உங்களிடம் எப்படி வந்தது? என்னைப் பற்றி வேறு என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்." நம் ஆசிரியை என்னிடம் கேட்டது: "தம்பி, நான் என்ன பேங்க்கா நடத்துகிறேன்? இந்தச் சட்டமெல்லாம் எனக்குமா? அந்தப் பக்கத்தில் என்னதான் எழுத வேண்டும்?"

அக்கா, முதலில் சட்டத்தைப் பேசி முடித்துவிடுவோம். இருப்பதிலேயே சுலபமான பகுதி அதுதான்.

போப்பியா என்று நாம் சொல்கிற, நம் நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இல் நிறைவேறியது. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 1 அன்று. தயாராக ஓராண்டு அவகாசம் கொடுத்துவிட்டு, 2021 ஜூலை 1 முதல் தகவல் ஒழுங்குமுறை ஆணையம் கேள்வி கேட்கத் தொடங்கியது. பேங்க், ஆஸ்பத்திரி, ஓய்வுபெற்ற ஆசிரியை என்று அது ஆள் பார்ப்பதில்லை. முழுக்க வீட்டு உபயோகத்துக்காக வைத்திருக்கும் விவரத்துக்கு விலக்கு உண்டு. உங்கள் போனில் இருக்கும் சொந்தக்காரர் நம்பர்கள் அதில் அடங்கும். புத்தகம் விற்கிற தளத்தில் வாசகர் தட்டிவிட்டுப் போகிற பெயரும் முகவரியும் அடங்காது.

எழுதுகிறவர்களுக்கென்று இன்னொரு விலக்கு 7ஆம் பிரிவில் இருக்கிறது. இலக்கியம், கலை, பத்திரிகை ஆகியவற்றுக்காக மட்டுமே ஒருவரின் விவரத்தைக் கையாண்டால், கருத்துச் சுதந்திரத்துக்கும் அந்தரங்கத்துக்கும் நடுவே சமன் செய்யத் தேவையான அளவுக்கு, இந்தச் சட்டம் ஒதுங்கிக்கொள்ளும். அதனால் உங்கள் கதையில் வருகிற பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. ஆனால் அந்தக் கதையைப் படிக்க வந்தவரின் விவரம் கதை ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "நான் எழுத்தாளர், எனக்கு விலக்கு" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

10 மில்லியன் ராண்ட் வரை அபராதம் என்று கேள்விப்பட்டுப் பயந்திருப்பீர்கள். ஆணையம் முதன்முதலாக அபராதம் போட்டது யாருக்கு தெரியுமா? 2023 ஜூலையில், நீதித் துறைக்கே, 5 மில்லியன் ராண்ட். 2021இல் அந்தத் துறையின் கணினிகள் தாக்கப்பட்டன. விசாரித்தால் வைரஸ் தடுப்பு உள்ளிட்ட பாதுகாப்பு மென்பொருள்களின் உரிமம் காலாவதியாகிக் கிடந்திருக்கிறது. அதைச் சரிசெய்யச் சொல்லி ஆணையம் நோட்டீஸ் கொடுத்தது. அதையும் கண்டுகொள்ளாமல் விட்ட பிறகுதான் அபராதம் வந்தது. கேட்டால் பதில் சொல்கிறவராக இருங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு சட்டம் போப்பியாவுக்கு முந்தியது. 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம், 43ஆம் பிரிவு. இணையம் வழியே பொருள் விற்கிற எவரும் தன் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றோடு, வாங்குகிறவரின் பண விவரத்தையும் தனிப்பட்ட விவரத்தையும் எப்படிக் காக்கிறார் என்பதையும் தளத்தில் சொல்ல வேண்டும். ஆக, புத்தகம் விற்கிற நாள் முதலே அந்தப் பக்கம் உங்களுக்குத் தேவைதான். வேடிக்கை என்னவென்றால், வாசகரின் அந்தரங்கத்தைக் காக்கும் பக்கம் வைக்கச் சொல்கிற அதே பிரிவு உங்கள் முகவரியை ஊருக்கே காட்டச் சொல்கிறது. தனியாக இருக்கிற பெண் எழுத்தாளர்களுக்கு இது சங்கடம். கதைகள் மட்டும் உங்கள் தளத்தில் இருக்கட்டும், விற்பனையைப் பதிப்பாளரோ புத்தகக் கடையோ பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் சிலருக்குச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது நீங்கள் நகல் எடுத்து ஒட்டியிருக்கிற பக்கத்துக்கு வருகிறேன். படித்துப் பார்த்தேன். கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களின் உரிமை பற்றி மூன்று பத்தி இருக்கிறது. 'எங்கள் விளம்பரக் கூட்டாளிகள்' என்று வருகிறது. உங்களுக்குக் கூட்டாளி என்று யாரும் இல்லை, மகன் ஒருவர்தான். டோங்காட் வாசகி கேட்ட கேள்விக்கு அதில் ஒரு வரி பதில் இல்லை. இதைவிட மோசம், 'உங்கள் விவரத்தை எவரிடமும் பகிர்வதில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அது உண்மை இல்லை அக்கா. உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதனால் எழுதுவதற்கு முன்னால் எண்ண வேண்டும். உங்கள் தளம் யாரைப் பற்றி என்ன குறித்து வைக்கிறது, அது எங்கே போகிறது? நேற்று சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன்.

சர்வரின் பதிவேட்டில் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி விழுகிறது. அதைத் தமிழில் பெயர்த்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: '203.0.113.45, ஏப்ரல் 14, இரவு 10.42, "கடைசி லாரி" என்ற பக்கம், பேஸ்புக்கிலிருந்து வந்தார், ஆண்ட்ராய்டு போன், குரோம்.' (எண்ணை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறேன்.) அந்த முதல் எண் ஐ.பி. முகவரி, வாசகர் எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தார் என்று காட்டுவது. பெயர் இல்லையே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். போப்பியாவின் வரையறையில் இணைய அடையாளம், இருப்பிட விவரம் என்ற சொற்கள் நேராகவே இருக்கின்றன. இந்தப் பதிவேடு இல்லாமல் இருக்கவும் முடியாது; யாராவது கதவை உடைத்துப் புகுந்தால் தடம் தெரிவது இதில்தான். ஆனால் 2 வருஷத்துப் பதிவேட்டைக் கட்டி வைத்திருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. 30 நாளுக்கு மேல் வேண்டாம் என்று அமைப்பை மாற்றிவிட்டேன்.

அடுத்தது எழுத்துரு. இது நம்மைப் போலத் தமிழில் தளம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. தமிழ் எழுத்து எல்லாப் போனிலும் அழகாகத் தெரிய வேண்டும் என்று உங்கள் மகன் நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டிருக்கிறார். நல்ல எழுத்துருதான். ஆனால் அது உங்கள் சர்வரில் இல்லை. பக்கம் திறக்கும்போது வாசகரின் போன் கூகுளின் சர்வருக்கு ஓடி அதை வாங்கி வருகிறது. ஓடும்போது ஐ.பி. முகவரியும் கூடவே போகிறது. 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, இதே காரியத்துக்காக ஒரு தளத்தின் உரிமையாளரை 100 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தீர்வு ரொம்ப எளிது. அந்த எழுத்துரு இலவச உரிமத்தில் இருப்பது. இறக்கி உங்கள் சர்வரிலேயே வைத்துவிட்டால் ஒருவரும் எங்கும் ஓட வேண்டாம். பத்து நிமிஷ வேலை, செய்துவிட்டேன்.

காவடி வீடியோ இரண்டு யூடியூபிலிருந்து பதித்திருக்கிறீர்கள். அதையும் குக்கி, அதாவது வந்தவரை அடையாளம் வைத்துக்கொள்ள அவர் போனில் தளம் எழுதி வைக்கும் சின்னக் குறிப்பு, குறைவாக வைக்கிற வடிவத்துக்கு மாற்றினேன். யூடியூபே அதற்கென்று தனி முகவரி வைத்திருக்கிறது. வெறும் படமும் சுட்டியும் வைத்தால் இன்னும் நல்லது. பார்க்க விரும்புகிறவர் அழுத்திப் போய்ப் பார்த்துக்கொள்வார்.

எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்க்கக் கூகுள் அனலிட்டிக்ஸ். கடைசியாக எப்போது அதைத் திறந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன், நினைவில்லை என்றீர்கள். அப்படியானால் எதற்கு? நீங்கள் பார்க்காத கணக்கை உங்களுக்காக எழுதுகிறேன் என்று சொல்லி வாசகரின் போனில் 2 வருஷம் வரை இருக்கும் குக்கி ஒன்றை அது வைக்கிறது. எடுத்துவிட்டேன். எண்ணிக்கை தெரிந்தே ஆக வேண்டும் என்றால் வருகையை எண்ணும் மட்டோமோ என்ற மென்பொருளை உங்கள் சர்வரிலேயே போட்டு, ஐ.பி. முகவரியின் கடைசிப் பகுதியை மறைத்து, குக்கி இல்லாமல் ஓட்டலாம். இது போனதும் 'குக்கிகளை ஏற்கிறீர்களா' என்று திரையை மறைத்து நின்ற பட்டைக்கும் வேலை இல்லாமல் போனது. அந்தப் பட்டை ஐரோப்பிய விதிகளால் பிறந்தது. போப்பியாவில் அப்படி ஒரு பட்டை வைக்கச் சொல்லி எந்தப் பிரிவும் இல்லை. உங்கள் தளத்தில் அது 'ஏற்கவில்லை' என்று அழுத்தினாலும் குக்கியை வைத்துக்கொண்டுதான் இருந்தது. சும்மா ஒப்புக்கு நின்ற காவல்காரன்.

இதெல்லாம் எந்தத் தளத்துக்கும் சொல்வது. உங்கள் தளத்தில் என்னை உட்கார வைத்தது வேறு ஒன்று.

'உங்கள் குடும்பக் கதையை எனக்கு எழுதுங்கள்' என்று ஒரு படிவம் வைத்திருக்கிறீர்கள். பெயர், மின்னஞ்சல், போன், பிறந்த தேதி, தாத்தா பாட்டி பெயர், கப்பல் பெயர், கூலி எண், சொந்த ஊர், ஜாதி, கோயில், படம் சேர்க்க ஓர் இடம். மூன்று வருஷத்தில் 140க்கு மேல் கடிதம் வந்திருக்கிறது. அவை உங்களுக்கு மின்னஞ்சலில் வருவதோடு நிற்கவில்லை. தளத்தின் தரவுத்தளத்திலும் ஒரு நகல் அப்படியே கிடக்கிறது. இது உங்களுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. படிவத்துக்காகத் தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்களில் (பிளகின்) சில அனுப்பியதோடு மறந்துவிடும், சில பத்திரமாக எடுத்து வைக்கும். உங்களுடையது இரண்டாம் ரகம்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றது முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்குப் பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் இருக்கும் மச்சம், தழும்பு. யாரும் அவர்களிடம் "எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்கவில்லை. அந்தப் பட்டியல் இன்றைக்கு நமக்குப் பொக்கிஷம், அதை வைத்துத்தான் ஊரைக் கண்டுபிடிக்கிறோம், உங்கள் கதைகள் பாதி அதிலிருந்து வந்தவை. மறுக்கவில்லை. ஆனால் உங்கள் படிவத்தைப் பார்த்தபோது அந்தப் பட்டியலின் கட்டங்கள் ஒன்றுவிடாமல் அதில் இருப்பதைக் கண்டேன். மச்சம் ஒன்றுதான் பாக்கி.

சட்டப்படி இங்கே ஒரு கோடு இருக்கிறது. போப்பியா பாதுகாப்பது உயிரோடு இருப்பவரை. 1890இல் வந்த கொள்ளுத்தாத்தாவின் கூலி எண்ணும் கப்பலும் அந்த வரையறைக்குள் வராது. ஆனால் அதை எழுதியனுப்பிய பேத்தி உயிரோடு இருக்கிறார். அவருடைய போன் நம்பர், பிறந்த தேதி, எந்தக் கோயிலுக்குப் போகிறார், என்ன ஜாதி என்று அறியப்படுகிறவர் என்பதெல்லாம் அவருடைய விவரம். அதிலும் மத நம்பிக்கை, இனப் பூர்வீகம், உடல்நலம் ஆகியவற்றை 26ஆம் பிரிவு தனியாகப் பிரித்துச் 'சிறப்பு விவரம்' என்று வைத்திருக்கிறது. விதிவிலக்குக்குள் வந்தாலொழிய அதைத் தொடவே கூடாது என்பது பொது விதி. அவர் மனமறிந்து தரும் ஒப்புதல் அந்த விதிவிலக்குகளில் ஒன்று. ஒரு கடிதத்தில் ஓர் அம்மா தன் தங்கைக்கு வந்த மனநோயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். தங்கை இப்போதும் இங்கே டர்பனுக்குப் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கிறாராம். எழுதிய அம்மா ஒப்புதல் கொடுத்திருக்கலாம்; தங்கையை யார் கேட்டார்கள்? அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, பதில் எழுதிவிட்டு, நீங்கள் நீக்கிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

எட்டுப் பேர் கேட்காமலே அடையாள எண்ணையும் எழுதியிருக்கிறார்கள். நம் 13 இலக்க எண்ணின் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, அடுத்த 4 ஆணா பெண்ணா என்று சொல்லும். அபார்த்தெய்ட் காலத்தில் இனத்துக்கும் அதில் ஓர் இலக்கம் இருந்தது. அந்த எண்ணை வைத்துக் கடன் வாங்குகிற திருடர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வந்த அன்றே அழித்திருக்க வேண்டியது. இப்போதாவது அழியுங்கள். படிவத்தின் மேலேயே 'அடையாள எண் எழுத வேண்டாம்' என்று ஒரு வரி போட்டுவிட்டேன்.

படங்களுக்கும் இதே பார்வை வேண்டும். வீட்டில் கஞ்சி பூஜை எடுத்த படம் ஒன்றைப் பார்த்தேன். போனில் எடுத்த படத்துக்குள்ளேயே எந்த இடத்தில் எடுத்தது என்ற அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் தளத்திலிருந்து அந்தப் படத்தை இறக்கினால் அந்த வீட்டு வாசல் வரை வரைபடத்தில் தெரிகிறது. ஏற்றுவதற்கு முன்னால் அந்த விவரத்தைக் கழற்றிவிடச் சின்னப் பிளகின்கள் உண்டு. இன்னொன்று, அலகு குத்திக்கொண்ட ஒரு பையனின் படம், வயது பன்னிரண்டு இருக்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். படம் அனுப்பியவர் சித்தப்பா.

படிவத்தை நான் எப்படி மாற்றியிருப்பேன் என்று கேட்டீர்கள். பெயர், மின்னஞ்சல், கடிதம். மூன்று கட்டம் போதும். கப்பலும் ஊரும் சொல்ல நினைப்பவர் கடிதத்துக்குள்ளேயே சொல்லிவிடுவார். அப்படிச் சொல்வதில்தான் கதையும் வரும். கட்டத்தில் 'ஜாதி' என்று போட்டுவிட்டால், சொல்ல விரும்பாதவரும் சொல்லியாக வேண்டும் என்று நினைத்து எழுதுகிறார்கள். குப்பை அஞ்சலைத் தடுக்கப் போட்டிருந்த 'நான் ரோபோ அல்ல' பெட்டியையும் எடுத்துவிட்டேன்; அதுவும் வாசகரைக் கூகுளிடம் அறிமுகப்படுத்துகிற ஏற்பாடுதான். பதிலுக்கு, மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை ஒளித்து வைத்திருக்கிறேன். எந்திரம் அதையும் நிரப்பும், நிரப்பினால் குப்பை. சின்னத் தளத்துக்கு இதுவே தாராளம்.

டோங்காட் அம்மாவின் நம்பர் எப்படி வந்தது என்று தேடியபோது விற்பனைப் பக்கம் போக வேண்டியிருந்தது. 2023இல் உங்கள் இரண்டாவது புத்தகம் வாங்கியிருக்கிறார். பெப் கடைக்குப் பார்சல் அனுப்புகிற பாக்சிக்குப் போன் நம்பர் வேண்டும், அதற்குக் கொடுத்தார். பார்சல் போய்ச் சேர்ந்தது. அதோடு அந்த நம்பரின் வேலை முடிந்தது. ஆனால் மூன்று மாதம் கழித்து உங்கள் மகன் வாங்கியவர்கள் எல்லாரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறார். 87 பேர், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரிகிறது. அதில் யாரோ ஒருவர் டோங்காட் அம்மாவுக்குத் தனியாகக் காப்பீட்டுத் திட்டம் விற்கச் செய்தி அனுப்பியிருக்கிறார். கோபம் அங்கிருந்து வந்தது. ஒரு காரியத்துக்கு வாங்கியதை வேறு காரியத்துக்கு எடுத்ததுதான் தப்பு. போப்பியாவின் எட்டு நிபந்தனைகளில் இரண்டு முழுக்க இதைப் பற்றியவை.

அதே போனில் இன்னொன்று. பணத்தை இ.எஃப்.டி.யில், அதாவது பேங்க் கணக்கிலிருந்து நேராக, கட்டிவிட்டு எல்லாரும் ரசீதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறார்கள். அதில் அனுப்புகிறவரின் பெயரும் கணக்கு எண்ணின் பகுதியும், சிலவற்றில் முழு எண்ணும் இருக்கிறது. உங்கள் போனின் படத் தொகுப்பில், பேரப்பிள்ளை பிறந்தநாள் படங்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன, பேரன் விளையாடுகிற அதே போனில். பேங்க்கில் பணம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு ரசீதை அழித்துவிடுங்கள். வரிக்குத் தேவையான விற்பனைப் பதிவுகளை மட்டும் 5 வருஷம் வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டும் பேங்க் அறிக்கையும் போதும்.

புதுப் புத்தகச் செய்தி அனுப்புவது பற்றி 69ஆம் பிரிவு பேசுகிறது. உங்களிடம் ஏற்கெனவே புத்தகம் வாங்கியவருக்கு, வாங்கும்போதே 'வேண்டாம்' என்று சொல்ல வாய்ப்பு கொடுத்திருந்தால், அடுத்த புத்தகத்தைப் பற்றி எழுதலாம். ஒவ்வொரு கடிதத்திலும் நிறுத்தச் சொல்ல வழி இருக்க வேண்டும். வாங்காமல் கேள்வி மட்டும் கேட்டவருக்கு அப்படி அனுப்பக் கூடாது. 'அனுப்பலாமா' என்று ஒரே ஒரு தடவை கேட்கலாம். பதில் இல்லையா, விட்டுவிட வேண்டியதுதான்.

இந்த விஷயத்தில் நான் யோக்கியன் இல்லை, சொல்லிவிடுகிறேன். 2019இல் வேறோர் எழுத்தாளரின் புத்தக வெளியீட்டு அழைப்பை அனுப்பும்போது, மறைநகல் கட்டத்தில் போட வேண்டிய 64 முகவரியையும் நகல் கட்டத்தில் போட்டு அனுப்பிவிட்டேன். அனுப்பு பொத்தானை அழுத்திய மறு நொடியே தெரிந்துவிட்டது, கை உதறியது. ஒருவர் 'எல்லாருக்கும் பதில்' போட்டு வாழ்த்து சொன்னார். இன்னொருவர் அதற்கும் மேல் 'எல்லாருக்கும் பதில்' போட்டுத் தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடினார். விவாகரத்து ஆன இருவர் ஒரே பட்டியலில் இருந்தது பிறகு தெரிந்தது. அந்த அம்மா முன்னாள் கணவருக்குத் தெரியக் கூடாது என்றுதான் புது முகவரி எடுத்திருந்தாராம். இன்று அப்படி நடந்தால் 22ஆம் பிரிவுப்படி ஆணையத்துக்கும், பாதிக்கப்பட்டவர்களுக்கும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தெரிவிக்க வேண்டும். அன்று நான் 64 பேருக்கும் தனித்தனியாக மன்னிப்பு எழுதினேன். இரண்டு ராத்திரி ஆனது.

அதற்குப் பிறகுதான் கடிதம் அனுப்பும் சேவைகளுக்கு மாறினேன். நீங்கள் வைத்திருக்கிற மெயில்சிம்ப்பும் அந்த வகைதான். அதில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. முகவரிப் பட்டியல் அமெரிக்காவில் இருக்கிறது. வெளிநாட்டுக்கு விவரம் அனுப்ப 72ஆம் பிரிவு சில வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது, வாசகரின் ஒப்புதல் அதில் ஒன்று; ஆகவே பெயர் பதிகிற இடத்திலேயே 'இது அமெரிக்க சேவை' என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு கடிதத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம் போகிறது. யார் எப்போது திறந்தார் என்று அது திரும்பி வந்து சொல்லும். 2021 செப்டம்பரிலிருந்து ஐபோனின் அஞ்சல் செயலி அந்தப் படத்தைத் தானே முன்கூட்டி இழுத்துக்கொள்வதால் அந்தக் கணக்கும் இப்போது அரைகுறைதான். அணைத்துவிடுங்கள். உங்கள் கடிதத்தை டோங்காட் அம்மா ராத்திரி இரண்டு மணிக்குப் படித்தார் என்று தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

ரீயூனியனில் இருந்து சில வாசகர்கள் எழுதுவதாகச் சொன்னீர்கள். ரீயூனியன் இந்தியப் பெருங்கடலில் இருந்தாலும் பிரான்சின் பகுதி, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அடக்கம். 2018 மே 25 முதல் அமலில் இருக்கும் ஜி.டி.பி.ஆர்., அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டம், அங்கே செல்லும். செயிண்ட் ஆந்திரேயில் ஒருவர் உங்கள் தளத்தைத் திறந்தார் என்பதாலேயே அது உங்களைப் பிடிக்காது. யூரோவில் விலை போட்டு, அங்கே அனுப்புவோம் என்று விளம்பரம் செய்தால் பிடிக்கும். மொரீஷியஸுக்குத் தனிச் சட்டம் உண்டு, 2017இல் நிறைவேறி 2018 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இதுவரை சொன்னதைச் செய்துவிட்டால் இரண்டு இடத்துக்கும் பெரும்பகுதி சரியாக இருக்கும்.

பூட்டு விஷயம் சுருக்கமாக. நீங்கள், மகன், மகனின் நண்பன், பழைய வடிவமைப்பாளர் என்று நான்கு பேரிடம் முழு அதிகாரக் கடவுச்சொல் இருக்கிறது; இரண்டு போதும். தளத்தை ஓட்டுகிற வேர்ட்பிரஸ் மென்பொருளும் பிளகின்களும் 14 மாதமாகப் புதுப்பிக்கப்படவில்லை. நீதித் துறைக்கு என்ன ஆனது என்று மேலே சொன்னேன். பேக்கப் பழைய மடிக்கணினியில் இருக்கிறது, அந்த மடிக்கணினி கூடத்தில் இருக்கிறது, அதற்குக் கடவுச்சொல் இல்லை. இன்னொன்று: சட்டப்படி 'தகவல் அதிகாரி' என்று ஒருவர் வேண்டும், அது நீங்கள்தான், மகன் அல்ல. ஆணையத்தின் தளத்தில் பதிந்துகொள்ள வேண்டும். உங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு அந்தப் பக்கத்தில் எழுத வேண்டியது தானே சுருங்கிவிட்டது. நான் எழுதிப் பார்த்தது இது, உங்கள் குரலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"இந்தத் தளத்தை நடத்துவது நான் ஒருத்திதான். நீங்கள் படித்துவிட்டுப் போனால் உங்கள் ஐ.பி. முகவரியும் நேரமும் சர்வர் பதிவேட்டில் 30 நாள் இருக்கும், பிறகு அழியும். குக்கி எதுவும் வைப்பதில்லை. யூடியூப் வீடியோவை அழுத்தினால் மட்டும் யூடியூப் வைக்கலாம். எனக்குக் கடிதம் எழுதினால் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் கடிதமும் என் அஞ்சல் பெட்டிக்கு வரும். ஒரு வருஷத்துக்குள் பதில் எழுதிவிட்டு அழித்துவிடுவேன். கதைக்கு எடுத்துக்கொள்ள விரும்பினால் முதலில் உங்களைக் கேட்பேன். புத்தகம் வாங்கினால் பார்சல் அனுப்ப உங்கள் பெயரும் நம்பரும் வேண்டும், பார்சல் சேர்ந்து 30 நாளில் நம்பரை எடுத்துவிடுவேன், விற்பனைக் கணக்கு வரிக்காக 5 வருஷம் இருக்கும். புதுப் புத்தகச் செய்தி வேண்டும் என்று பதிந்தால் உங்கள் முகவரி மெயில்சிம்ப் என்ற அமெரிக்க சேவையில் இருக்கும். கடிதத்தின் அடியில் இருக்கும் சுட்டியை அழுத்தினால் நின்றுவிடும். உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்கவும், திருத்தவும், நீக்கவும் எனக்கு எழுதுங்கள். என் பதில் திருப்தி இல்லையென்றால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிடலாம்."

இதற்கு மேல் எழுதாதீர்கள். எழுதினால் செய்ய வேண்டும். 'ஒரு வருஷத்துக்குள் அழிப்பேன்' என்பது முடியாது என்று தோன்றினால் இரண்டு வருஷம் என்று போடுங்கள், பரவாயில்லை. ஆங்கிலத்திலும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில்தான் இருக்கிறது, கண்ணில் இல்லை.

டோங்காட் அம்மாவுக்கு இன்றைக்கே எழுதிவிடுங்கள். நம்பர் பார்சலுக்காக வந்தது, குழுவில் சேர்த்தது தவறு, மன்னிக்க வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். வைத்திருப்பது பெயர், நம்பர், பெப் கடை, விற்பனைக் கணக்கில் ஒரு வரி, இவ்வளவுதான். அந்த ஒரு வரி வரிக்காக இருக்கும், மற்றது போய்விடும் என்று சொல்லுங்கள். 'எடுத்துவிட்டேன்' என்று எழுதுவதற்கு முன்னால் நிஜமாகவே எடுங்கள்: வாட்ஸ்அப் குழு, உங்கள் போனின் தொடர்புப் பட்டியல், மகனின் போன், மெயில்சிம்ப், தரவுத்தளம், அந்தப் பழைய மடிக்கணினியில் இருக்கும் எக்செல் கோப்பு. குழுவையே கலைத்துவிட்டால் மற்ற 86 பேருக்கும் பதில் சொல்லியாகிவிடும். ரசீதுப் படத்தையும் பாருங்கள். 2023 ஆகஸ்டில் அவர் அனுப்பியது உங்கள் போனில் இன்னும் இருக்கிறது, தீபாவளிப் படங்களுக்குச் சற்று மேலே.